மார்ச் 25: கிரேக்கர்களும் அமெரிக்கர்களும் – இந்த நட்பு யாருடையது?

செந்தில்_எடிசன்:

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் கிரேக்க விடுதலை நாள் ஊர்வலம் பார்த்தேன். என்னோடு வேலை செய்யும் கிரேக்க நண்பரின் அப்பாதான் கூட்டிப்போனார். எழுபத்தெட்டு வயது. 1972-இல் ஊரைவிட்டு வந்தவர், அன்றிலிருந்து நியூயார்க்கின் ஆஸ்டோரியா பகுதியில்தான் இருக்கிறார். ஏதென்ஸிலிருந்து எவ்சோன் காவல் வீரர்கள் வந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான மடிப்பு வைத்த வெள்ளைப் பாவாடை, முனையில் கருப்புக் குஞ்சம் தொங்கும் கனமான செருப்பு. அடியில் ஆணி அடித்திருப்பதால் ஒவ்வொரு எட்டுக்கும் தார்ச்சாலை டக் டக்கென்று அதிர்கிறது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் தேய்ந்து போகும்வரை பேசவே இல்லை.

இந்த நாளுக்கு அமெரிக்காவில் ஒரு முழுப்பெயர் உண்டு: ‘கிரேக்க விடுதலை நாள் – கிரேக்க, அமெரிக்க ஜனநாயகத்தைக் கொண்டாடும் தேசிய நாள்’. 1987 முதல் மார்ச் 25-க்கு அதிபர்கள் இப்படி அறிவிக்கிறார்கள். கிரேக்கம் ஜனநாயகத்தைத் தந்தது, நாங்கள் அதை வளர்த்தோம், இரண்டு மக்களும் உடன்பிறப்புகள் என்ற தொனியில் இருக்கும்.

இது எவ்வளவு தூரம் உண்மை என்று பேசலாம் என்றுதான் இந்த இழை. எனக்கு இதில் உண்மை இருக்கிறது என்றே படுகிறது. அதற்கு நான் எடுத்து வைப்பது ஒரு கடிதம்.

1821 மார்ச்சில் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர்கள் எழுந்தார்கள். இரண்டே மாதத்தில், மே 25 அன்று, கலமாதா என்ற ஊரில் கூடிய மெசீனியா செனட், பெத்ரோஸ் மாவ்ரோமிகாலிஸ் தலைமையில் அமெரிக்கக் குடிமக்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதியது. அதிபருக்கு அல்ல, மக்களுக்கு. பெருங்கடல்கள் நம்மைப் பிரித்தாலும் உங்கள் நற்குணம் உங்களை எங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறது, எல்லையோரத்து நாடுகளைவிட நீங்களே எங்களுக்கு நெருக்கம் என்பது அதன் சாரம். பாரிஸில் இருந்த கிரேக்க அறிஞர் அதமாந்தியோஸ் கோராயிஸ் வழியாக, ஹார்வர்டில் கிரேக்கம் கற்பித்த எட்வர்ட் எவரெட்டின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. 1823-இல் அவர் அச்சில் கொண்டுவந்தார்.

முன்பின் பார்த்திராத மக்களை நம்பி இப்படி ஒரு கடிதம் எழுதத் தோன்றியதே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

பழைய_ஏடு:

தம்பி செந்தில், நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்குக் கிடைத்த பதிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதிபர் மன்றோ 1823 டிசம்பர் 2 அன்று காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியைத்தான் பிற்காலத்தில் ‘மன்றோ கோட்பாடு’ என்றார்கள். அதே செய்தியில் கிரேக்கர்கள் மறுபடியும் சுதந்திர நாடாக வேண்டும் என்ற நல்வாழ்த்தும் இருக்கிறது. ஐரோப்பாவின் சண்டைகளில் நாங்கள் தலையிடமாட்டோம் என்ற வரியும் இருக்கிறது. வாழ்த்து உண்டு, உதவி கிடையாது. அடுத்த மாதமே டேனியல் வெப்ஸ்டர் பிரதிநிதிகள் சபையில் கிரேக்கத்துக்காக நீண்ட உரை ஆற்றினார். அவர் கேட்டது படையல்ல, கிரேக்கத்துக்கு ஒரு தூதரை அனுப்ப வழி செய்யுங்கள் என்பதுதான். ஹென்றி கிளேயும் துணை நின்றார். தீர்மானம் வாக்கெடுப்புக்கே வராமல் ஒதுங்கிப்போனது. வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பு. துருக்கி ஆட்சியிலிருந்த ஸ்மிர்னா துறைமுகத்தில் அமெரிக்க வணிகர்களுக்கு அபின் வியாபாரம் வரை நடந்துகொண்டிருந்தது. துருக்கிச் சுல்தானைப் பகைத்துக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. 1827 அக்டோபரில் நவரினோவில் துருக்கி, எகிப்து கப்பற்படையை அழித்துப் போரின் போக்கை மாற்றியவை பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யக் கப்பல்கள். அமெரிக்கா அங்கே இல்லை. கிரேக்கத்தை அமெரிக்கா முறையாக அங்கீகரித்தது 1837-இல்.

அப்புறம், ‘பொது ஜனநாயக மரபு’ என்ற பேச்சு. அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்கள் ஏதென்ஸைக் கண்டு பயந்தவர்கள். ஏதென்ஸின் ஒவ்வொரு குடிமகனும் சாக்ரடீஸாக இருந்திருந்தாலும் அந்தச் சபை கும்பலாகத்தான் இருந்திருக்கும் என்று, அந்த அரசமைப்பை ஆதரித்து அப்போதே எழுதிய பெடரலிஸ்ட் கட்டுரைகளில் 55-ஆவது சொல்கிறது. அமெரிக்க அரசமைப்பில் ‘ஜனநாயகம்’ என்ற சொல்லே கிடையாது, தேடிப் பாருங்கள். அவர்கள் மனத்தில் இருந்தது ரோம். கிரேக்கர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதும் பெரும்பாலும் பழைய வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொன்ன கலப்பு ஆட்சி, கிரேக்க நகரங்கள் சேர்ந்து அமைத்த அக்கேயக் கூட்டமைப்பு போன்றவற்றின் பாடம். மக்களே நேரடியாக ஆளும் முறையை அல்ல.

பிள்ளைகளுக்கு முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். விழா மேடைப் பேச்சைப் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால்தான் இவ்வளவும்.

சிவப்புத்_துண்டு:

ஐயா சொன்னது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

1825-இல் கிரேக்கப் புரட்சி அரசு நியூயார்க்கில் இரண்டு போர்க்கப்பல்கள் கட்டச் சொன்னது. லண்டனில் கடன் வாங்கிய பணம். கட்டி முடிப்பதற்குள் கணக்கு எகிறிப்போய், இரண்டில் ஒன்றை அமெரிக்க அரசிடமே விற்றுத்தான் மற்றதைக் கடலில் இறக்க முடிந்தது. ‘ஹெல்லாஸ்’ என்ற அந்த ஒற்றைக் கப்பல் 1826 கடைசியில்தான் கிரேக்கம் போய்ச் சேர்ந்தது. உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்களிடம் நடந்த வியாபாரம் இது.

1947 மார்ச் 12. அதிபர் ட்ரூமன் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் சேர்த்து 40 கோடி டாலர் கேட்டார், சுதந்திர மக்களைக் காக்க என்று. அந்தப் பணத்தில் சாலை வந்தது, உணவு வந்தது. ஜெர்மானியர்கள் போகும்போது தகர்த்துவிட்டுப் போன கொரிந்து கால்வாயை அமெரிக்கப் பொறியாளர்கள் தூர்வாரி 1948-இல் திறந்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் அதே உதவியில் வந்த நேபாம் தீக்குண்டு, கம்யூனிஸ்டுகளோடு நடந்த உள்நாட்டுப் போரில், 1949-இல் கிராமோஸ் மலையில் கிரேக்கர்கள் தலையிலேயே விழுந்தது. மாற்றுக் கருத்து வைத்திருந்தவர்களை மாக்ரோனிசோஸ் தீவில் அடைத்து, ‘மனம் திருந்திவிட்டேன்’ என்று கையெழுத்துப் போடும்வரை வதைத்தார்கள்.

1967 ஏப்ரல் 21. ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஏழு வருடம் நீடித்தது. அமெரிக்கா கொஞ்ச நாள் கனரக ஆயுதங்களை நிறுத்திவைத்துவிட்டு 1970-இல் மறுபடி அனுப்பத் தொடங்கியது. 1971-இல் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியு அங்கே விருந்தினராகப் போய் வந்தார். அவருடைய அப்பா கிரேக்கத்திலிருந்து குடியேறியவர்! 1973 நவம்பர் 17 விடியற்காலையில் ஏதென்ஸ் பாலிடெக்னிக்கின் இரும்புக் கதவை டாங்கி ஏற்றி உடைத்தார்கள். மாணவர்கள் கேட்டது ரொட்டி, கல்வி, சுதந்திரம். இன்றும் ஒவ்வொரு நவம்பர் 17-ஆம் தேதியும் அந்தக் கதவடியில் தொடங்கும் ஊர்வலம் அமெரிக்கத் தூதரகத்தில் போய்த்தான் முடிகிறது. அந்தத் தூதரகக் கட்டடத்தை வால்டர் குரோபியஸ் பார்த்தெனானை மனத்தில் வைத்து வரைந்தார். ஜனநாயகத்தின் நினைவாக எழுப்பிய தூண்களுக்கு எதிரே நின்று, எங்கள் ஜனநாயகத்தை ஏன் கைவிட்டீர்கள் என்று மக்கள் வருடா வருடம் கேட்கிறார்கள்.

இதற்கு நட்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

செந்தில்_எடிசன்:

தோழர், நீங்கள் சொன்ன எதையும் மறுக்கமாட்டேன். ஊர்வலம் முடிந்து காபி குடிக்கும்போது பெரியவரிடம் இதையே கேட்டேன். அவர் வந்ததே அந்த ஆட்சியிலிருந்து தப்பித்துத்தான். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனை இரவில் வந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். திரும்பி வந்தபோது அவனால் செருப்பு போட முடியவில்லையாம். உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எப்படி இந்த நாட்டுக்கே வந்தீர்கள் என்றேன். “அந்த ஆட்சிக்கு எதிராகத் தைரியமாகக் கூட்டம் போட இடம் இங்கேதான் இருந்தது” என்றார். 1999 நவம்பரில் அதிபர் கிளின்டன் ஏதென்ஸ் போனபோது, பனிப்போரின் நலனை முன்னால் வைத்து, ஜனநாயகத்துக்குத் துணைநிற்கும் கடமையை அமெரிக்கா விட்டுக்கொடுத்துவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார் அல்லவா? அந்தப் பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அன்று செத்துப்போயிருந்த தன் அண்ணன் இதைக் கேட்டிருக்க வேண்டுமே என்று அழுததாகச் சொன்னார்.

அரசு அரசிடம் எப்படி நடந்துகொண்டது என்பது ஒரு கணக்கு. மக்கள் மக்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது வேறு கணக்கு. நான் பேச நினைத்தது இரண்டாவதைப் பற்றி.

சாமுவேல் கிரிட்லி ஹவ் என்ற பாஸ்டன்காரரைப் பற்றிப் படித்திருக்கிறீர்களா? 1824-இல் ஹார்வர்டில் மருத்துவப் படிப்பை முடித்தார். முடித்த கையோடு கப்பல் ஏறினார். வயது 23. மலைகளில் போராளிகளோடு வெட்டவெளியில் படுத்து, காயம்பட்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, பிறகு கிரேக்கக் கப்பற்படைக்கும் மருத்துவராக இருந்தார். சண்டையைவிடப் பசிதான் அதிகம் பேரைக் கொல்கிறது என்று கண்டதும் ஊருக்குத் திரும்பி வந்து ஊர் ஊராகப் பேசிப் பணமும் துணியும் தானியமும் திரட்டினார். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் ஏற்கெனவே கிரேக்க உதவிக் குழுக்கள் இருந்தன. பெண்கள் கூடி உட்கார்ந்து, பார்த்தே இராத குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார்கள். 1827, 1828-இல் அந்தக் கப்பல்கள் போயின. போராளிகளுக்கு இல்லை, வீடிழந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் என்று கண்டிப்போடு பங்கிட்டார்கள்.

ஏஜினா தீவில் ஹவ் செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே அகதிகள் குவிந்து கிடந்தார்கள். சும்மா பிடி தானியம் கொடுத்து வரிசையில் நிறுத்த அவருக்கு மனம் ஒப்பவில்லை. இடிந்து சேறு அடைத்துக் கிடந்த துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரைக் கட்ட ஆள் எடுத்தார். பழைய கோயில் இடிபாட்டிலிருந்து கல் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த சோளமும் மாவும்தான் கூலி. பிச்சை வாங்காமல் உழைத்துச் சாப்பிட்டோம் என்ற மானம் அந்த ஜனங்களுக்கு மிஞ்சியது.

கயல்விழி_குயின்ஸ்:

செந்தில் அண்ணா, ஹவ் பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஐயா சொன்ன ‘கும்பல்’ பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

இரண்டு வருடம் முன்னால் ஏதென்ஸ் போயிருந்தேன். அகோரா என்ற பழைய சந்தைத் திடலில் அட்டலோஸ் மண்டபம் இருக்கிறது. 1931 முதல் அங்கே அகழாய்வு செய்வது ஏதென்ஸிலுள்ள அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளி. 1950-களில் ராக்ஃபெல்லர் பணத்தில் அந்த மண்டபத்தைத் திரும்பக் கட்டி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். (அந்த அகழாய்வுக்காக வ்ரிசாக்கி என்ற குடியிருப்பையே இடித்தார்கள், அந்த மக்கள் வேறு இடம் தேடிப்போனார்கள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

உள்ளே ஒரு உடைந்த பளிங்குப் பலகை. வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். முதலில் என்னவென்றே புரியவில்லை. படித்துப் பார்த்தால், அது குலுக்கல் பலகை, கிளெரோத்தேரியோன். ஒவ்வொரு குடிமகனிடமும் பெயர் பொறித்த சின்ன வெண்கலத் தகடு இருக்கும். அதை ஒரு பிளவில் செருகுவார்கள். பக்கவாட்டில் ஒரு குழாய். மேலே வெள்ளையும் கருப்புமாக உருண்டைகளைக் கொட்டினால் ஒவ்வொன்றாகக் கீழே வரும். வெள்ளை வந்தால் அந்த வரிசை முழுக்க அன்றைக்கு நீதிமன்றத்தில் உட்காரும். கருப்பு வந்தால் அந்த வரிசை வீட்டுக்குப் போகும். பணக்காரனுக்குத் தனி வழி கிடையாது, யாருக்கும் காசு கொடுத்து இடம் பிடிக்கவும் முடியாது. ஐந்நூறு பேர் சபைக்கும் குலுக்கல்தான். பதவி ஏற்கும் முன் விசாரணை, இறங்கும்போது கணக்குத் தணிக்கை. இவ்வளவு யோசித்துச் செய்தவர்களைக் கும்பல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தத் தகட்டில் பெண்கள் பெயர் கிடையாது. அடிமைகள் பெயர் கிடையாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பெயரும் கிடையாது. என்னைப் போன்ற ஒருத்தி அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் மூன்று கணக்கிலும் வெளியேதான் நின்றிருப்பேன். அதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கல் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அடுத்த வருடம் எனக்கு ஜூரிக் கடமைக் கடிதம் வந்தது. இந்த முறை இங்கிலாந்திலிருந்து வந்தது, ஏதென்ஸிலிருந்து அல்ல, தெரியும். ஆனாலும் பெயரைக் குலுக்கி எடுத்து, பக்கத்தில் பஸ் ஓட்டுநரும் எதிரே கல்லூரிப் பேராசிரியரும் உட்கார, ஒரு ஆளின் விதியை நாங்கள் பன்னிரண்டு பேர் பேசி முடிவு செய்தபோது, அந்தப் பளிங்குப் பிளவுகள்தான் கண்முன் வந்தன.

சிவப்புத்_துண்டு:

கயல், அடிமைகள் பெயர் கிடையாது என்று எழுதியதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நேற்று எழுதியதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இதைச் சேர்க்க வேண்டும்.

டேவிட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்தார். 1829-இல் அடிமை முறையை எதிர்த்து ஒரு முறையீட்டு நூல் வெளியிட்டார். அதில் ஒரு இடம். தெற்கு கரோலினாவிலிருந்து வரும் ஒரு செய்தித்தாளைப் படிக்கிறார். துருக்கியர்கள் உலகிலேயே கொடூரமானவர்கள், கிரேக்கர்களை மிருகம்போல் நடத்துகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதே தாளில் ஒரு விளம்பரம்: நல்ல உடற்கட்டுள்ள எட்டு நீக்ரோ ஆண்களும் நான்கு பெண்களும் இன்று அதிக விலை கேட்பவருக்கு விற்கப்படுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். கிரேக்கர்களுக்காக அழுத கண்களுக்கு வாசலில் நடக்கும் ஏலம் தெரியவில்லை.

இதோடு இன்னொன்று. 1823-இல் ஆஸ்த்ரோஸ் என்ற ஊரில் கிரேக்கர்களின் இரண்டாவது தேசிய சபை கூடியது. போர் நடந்துகொண்டிருக்கிறது, நாடு என்று சொல்ல ஒழுங்கான எல்லைகூட இல்லை. அப்போது திருத்திய அரசமைப்பில் எழுதுகிறார்கள்: கிரேக்க மண்ணில் மனிதன் விற்கப்படுவதும் இல்லை, வாங்கப்படுவதும் இல்லை. எந்த இனத்தவனாக, எந்த மதத்தவனாக இருந்தாலும், அடிமை இந்த மண்ணை மிதித்த கணமே சுதந்திரமானவன். தங்கள் பெண்டு பிள்ளைகளையே சந்தையில் விற்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதிய வரி அது. முந்தின வருடம்தான் கியோஸ் தீவில் துருக்கியர்கள் ஆயிரமாயிரம் கிரேக்கர்களைக் கொன்றும் விற்றும் இருந்தார்கள்.

அமெரிக்கா இதே வரிக்கு வந்து சேர 1865 ஆனது. மரபு என்று ஒன்று இருந்தால் அது ஒரு பக்கமாக மட்டும் ஓடவில்லை.

பழைய_ஏடு:

ஆஸ்த்ரோஸ் வரியை எடுத்துப் போட்டதற்கு நன்றி தோழர். அதே 1823 அக்டோபரில்தான் கோராயிஸுக்கு முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் பதில் எழுதினார். எண்பது வயது. கிரேக்கர்கள் எப்படிப்பட்ட அரசமைப்பு வகுக்கலாம் என்று யோசனை கேட்டிருந்தார் கோராயிஸ். இருவருக்கும் பாரிஸில் இருந்த நாளிலேயே பழக்கம். பக்கம் பக்கமாக யோசனை சொன்ன ஜெஃபர்சன், அதே வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். யோசனை கேட்டவர்கள் அதற்குள் ஆஸ்த்ரோஸில் அந்த வரியை எழுதி முடித்திருந்தார்கள். இத்தனை வருடம் பாடம் எடுத்தும் இந்த இரண்டு தேதிகளையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

ஹவ்வோடு இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜோனத்தன் மில்லர். போராடப் போனார், பிறகு நிவாரணம் பங்கிட்டார், திரும்பும்போது ஒரு அநாதைச் சிறுவனை மகனாக எடுத்து வளர்த்தார். ஊருக்கு வந்தபின் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் இறங்கினார். அந்தச் சிறுவன் லூக்காஸ் மில்தியாதஸ் மில்லர் 1891-இல் விஸ்கான்சினிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அமெரிக்கக் காங்கிரஸில் உட்கார்ந்த முதல் கிரேக்கர் அவர்தான். ஹவ்வும் பின்னாளில் அடிமை ஒழிப்பில் தீவிரமாக நின்றவரே. கிரேக்கத்துக்குப் போய் வந்த இவர்களுக்கு வாசலில் நடந்த ஏலம் கண்ணில் பட்டது.

கயல்விழி_குயின்ஸ்:

இங்கே குடியேறி வந்த கிரேக்கர்கள் பட்டதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. நான் இருப்பது குயின்ஸில், அதனால் எனக்கு இதுதான் பக்கம்.

1890-களில் உலர் திராட்சை விலை விழுந்ததும் பெலொப்பொனீஸ் கிராமங்கள் காலியாயின. சில பத்தாண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்கா வந்தார்கள். பழைய ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸின் பேரன்கள் என்று யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. 1909 பிப்ரவரியில் தெற்கு ஒமாஹாவில் ஒரு கும்பல் கிரேக்கர் குடியிருப்பை எரித்து, ஊரைவிட்டே துரத்தியது. 1914-இல் கொலராடோவின் லட்லோவில், நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் கூடாரங்களைக் காக்க நின்ற லூயிஸ் திகாஸ் என்ற கிரீட் தீவுக்காரரைச் சுட்டுக் கொன்றார்கள். 1922-இல் அட்லாண்டாவில் அஹேபா என்ற கிரேக்க அமெரிக்கர் சங்கத்தைத் தொடங்கியதே, கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் மிரட்டலைத் தாங்கி நிற்கத்தான். 1924 குடியேற்றச் சட்டம் வருடத்துக்கு நூறு கிரேக்கர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தியது.

இதையெல்லாம் பட்ட சமூகம் என்பதால்தான் 1965 மார்ச்சை நான் பெரிதாக நினைக்கிறேன். அலபாமாவின் செல்மாவில், வாக்குரிமைக்காகப் போராடி அடிபட்டுச் செத்த ஜேம்ஸ் ரீப் என்ற பாதிரியாருக்கு அஞ்சலிக் கூட்டம். அமெரிக்காவின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பேராயர் இயாகோவோஸ் அங்கே போனார். போகாதீர்கள் என்று சொன்னவர்கள் அவர் சபையிலேயே இருந்தார்கள். கருப்பு அங்கி, கருப்பு முக்காடு, கையில் கோல், மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பக்கத்தில் நிற்கிறார். அந்தப் படம் லைஃப் பத்திரிகையின் அட்டையில் வந்தது. ஒட்டோமான் ஆட்சியிலிருந்த இம்ப்ரோஸ் தீவில் பிறந்தவர் அவர். சொந்த மண்ணில் இரண்டாந்தரமாக வாழ்வது என்ன என்று தெரிந்தவர்.

எங்கள் தெரு முனைக் கிரேக்க உணவுக்கடையில் அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கல்லாவுக்கு நேர் மேலே.

மருதமுத்து_ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தப் பக்கம் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஹவ் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன். எங்கள் வகுப்பில் மேசைக்கு மேசை ஒரு பிரெயில் தட்டச்சு இருக்கும். ஆறு விசை, நடுவே இடைவெளிக் கட்டை, ஒரு மணி. நாங்கள் அதை ‘பெர்க்கின்ஸ்’ என்றுதான் சொல்வோம். பிள்ளைகளும் “சார், என் பெர்க்கின்ஸ்ல தாள் மாட்டிக்கிச்சு” என்பார்கள். அந்தப் பெயர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் பெயர். அதன் முதல் இயக்குநர் நீங்கள் சொல்லும் அதே சாமுவேல் ஹவ். கிரேக்கத்திலிருந்து திரும்பியபின் அவர் எடுத்துக்கொண்ட வேலை அதுதான். கண்ணும் காதும் இல்லாத லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமிக்கு 1837 முதல் மொழியைக் கற்றுக்கொடுத்துக் காட்டினார்.

இனிமேல் சொல்வதுதான் இந்த இழைக்குரியது. 1866-இல் கிரீட் தீவு மறுபடியும் துருக்கிக்கு எதிராக எழுந்தது. அறுபது வயது தாண்டிய ஹவ் மறுபடியும் நிவாரணம் திரட்டிக்கொண்டு 1867-இல் கிரேக்கம் போனார். அங்கே அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் மைக்கேல் அனக்னோஸ் என்ற இளைஞர். எபிரஸ் மலைக்கிராமத்தில் பிறந்தவர், ஏதென்ஸில் பத்திரிகை நடத்தி, கிரேக்க மன்னர் ஒத்தோவின் ஆட்சியை எதிர்த்து எழுதிச் சிறைக்குப் போனவர். ஹவ்வோடு பாஸ்டன் வந்தார், பள்ளியில் கற்பித்தார், ஹவ்வின் மகளை மணந்தார். 1876-இல் ஹவ் இறந்ததும் பெர்க்கின்ஸின் இயக்குநரானார். பார்வையற்றவர்களுக்குப் புடைப்பெழுத்துப் புத்தகம் அச்சிட ஹவ் பெயரிலேயே அச்சகம் தொடங்கினார். சிறு பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி கட்டினார்.

1886-இல் அலபாமாவிலிருந்து ஒரு அப்பா அவருக்குக் கடிதம் எழுதினார். மகளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது, ஒரு ஆசிரியரை அனுப்ப முடியுமா என்று. அனக்னோஸ் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் ஆன் சல்லிவன். அந்த மகள் ஹெலன் கெல்லர்.

ஆன் சல்லிவன் சில மாதம் உட்கார்ந்து, லாராவைப் பற்றி ஹவ் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினார். பள்ளிப் பிள்ளைகள் ஹெலனுக்கு ஒரு பொம்மை கொடுத்துவிட்டார்கள். அதற்கு உடை தைத்தவர் லாரா பிரிட்ஜ்மன். 1887 மார்ச்சில், ஹெலனின் உள்ளங்கையில் ஆன் சல்லிவன் முதலில் எழுதிய சொல் அந்தப் ‘பொம்மை’தான்.

கலமாதாவில் அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள். நான் தினமும் தொடுகிற பெயர் என்பதால் சொன்னேன்.

செந்தில்_எடிசன்:

மருதமுத்து ஐயா, உங்கள் பதிவை நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன். இன்று மாலை ஆஸ்டோரியாவுக்குப் போய்ப் பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஹெலன் கெல்லர் அவருக்குத் தெரியும். அனக்னோஸைத் தெரியாது.

முழுப்பெயர் என்ன என்று கேட்டார். தேடிப்பார்த்து அனக்னோஸ்தோபுலோஸ் என்றேன். சுருக்கித்தான் அனக்னோஸ் ஆக்கியிருக்கிறார். பெரியவர் சிரித்துவிட்டு, ஒரு காகிதத்தில் கிரேக்க எழுத்தில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டார். ‘புலோஸ்’ என்றால் இன்னாரின் பிள்ளை. ‘அனக்னோஸ்திஸ்’ என்றால் கோயிலில் மற்றவர்களுக்காக வேதத்தை வாசித்துக் காட்டுபவர். வாசிப்பவரின் மகன்.

காகிதத்தை அவரே மடித்து என் பையில் வைத்தார். உங்களுக்கு அனுப்பச் சொன்னார். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள் ஐயா.

மருதமுத்து_ஆசிரியர்:

அனுப்பிவிட்டேன் தம்பி. வந்ததும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைப் பெர்க்கின்ஸில் அடித்துக் கொடுக்கிறேன். தமிழ்ப் பிரெயிலில்.